ஊன்றுகோல்

ஹசினோஹே துறைமுகத்தில் பிப்ரவரி.
கானாங்கெளுத்தியை டின்னில் அடைக்கும் ஆலையில்
பகலெல்லாம் வெட்டிவிட்டு வந்த வலக்கை
மணிக்கட்டுப் பட்டைக்குள் வீங்கிக் கிடக்கிறது.
சொன்ன பேச்சைக் கேட்பது கட்டைவிரல் மட்டும்தான்.
அதனால்தான் நான் குச்சிக்காரி.

ஃபுமியா வேறு கட்சி.
கண்ட்ரோலரையே சாய்த்துத் திருப்பிக் குறிபார்ப்பவன்.
"நூலிழை அசைத்தால் நூலிழை அசையும்.
கண் போன இடத்துக்குக் கை போகும்" என்பான்,
மொரியோகாவில் தன் அறையில் எழுந்து நின்றுகொண்டு,
ஹெட்செட்டில் மூச்சிரைக்க.
ஆட்டத்தில் தெரு திரும்பினால் உடம்பும் திரும்பும் அவனுக்கு.
ஒருமுறை நூடுல்ஸ் கிண்ணம் கவிழும் சத்தம் கேட்டது.
சுடுவதை நிறுத்தவில்லை.

என் குச்சி அப்படித் துள்ளாது.
தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும்.
நட்டநடுவில் கொஞ்சம் செத்த இடம்,
அங்கே விரல் என்ன சொன்னாலும் ஏறாது.
எதிராளி குறுக்கே வந்தால்
ஆட்டமே என் குறியைப் பிடித்து
ஒரு கணம் அவன்மேல் ஒட்டவைக்கும்.
அந்த ஒட்டுக்கு ஃபுமியா வைத்த பெயர் ஊன்றுகோல்.
"ஊன்றுகோலோடு வந்து
ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கிறாயே, நகிசா."
தோற்ற இரவுகளில் மட்டும்தான் இந்தப் பேச்சு வரும்.

அன்று கடைசி ஆட்டம்.
ஒரு படி ஏற இன்னும் பதினொரு புள்ளி.
எதிரணியில் தூரத்துச் சுடுநர் ஒருவர்,
பெயர் ஈரக்கையுறை.
குறிபார்க்கும்போது கோபுர உச்சியிலிருந்து
சிவப்புக் கோடு ஒன்று நீளும்.
குச்சியின் கோடு படிக்கட்டு இறங்குவதுபோல் வரும்.
இது கையெழுத்துப்போல் வழுக்கிக்கொண்டு வந்தது,
அசைவுக்காரர்தான்.
மூன்று முறை என்னை அதில் கோத்தாகிவிட்டது.

நாலாம் முறை
கோடு நடுங்கியது.

முதலில் கொஞ்சமாய், தளும்பத் தளும்பத்
தேநீர் ஏந்தி வருபவர் கைபோல.
பிறகு சுவருக்கும் வானத்துக்கும் தரைக்குமாய்.
பதற்றம் என்று நினைத்தேன்.
புள்ளிக்காக யாருக்குத்தான் நடுங்காது?
"கையை நம்பினால் இதுதான் கதி" என்று
ஃபுமியாவைச் சீண்டிவிட்டு
மறைவிலிருந்து வெளியே வந்து
நிதானமாகக் குச்சியைத் தள்ளி
ஊன்றுகோல் ஒட்டிய கணத்தில்
சுட்டேன்.

கோடு அணைந்தது.
வெற்றி என்றது திரை.

நாற்பது நொடி இருக்கும்.
போன் அலறியது. கூடவே
கூரை விளக்கு ஆடத் தொடங்கியது.
அலமாரியில் ஆலை கொடுத்த டின்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
மேசைக்கடியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன்,
கண்ட்ரோலரை ஏனோ விடாமல்.
தரை ஆடியது, நான் ஆடினேன்.
திரையில் என் ஆள் மட்டும்
ஒன்றும் நடக்காத ஊரில் நிமிர்ந்து நின்றாள்.

"இங்கேயும்" என்றான் ஃபுமியா.
பிறகு, "என் திரையில் வானம் கீழே வருகிறது."

துறைமுக ஒலிபெருக்கி இரண்டு முறை சொன்னது,
சுனாமி அபாயம் இல்லை.
போனில் வரைபடம், கிழக்கே கடலுக்குள் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.
ஈரக்கையுறைக்கு எந்த ஊரோ தெரியாது.
என்னைவிட நாற்பது நொடி
அந்தக் குறிக்குக் கிட்ட.
கோடு சொல்லிக்கொண்டுதான் இருந்தது.
நான் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தேன்.

காத்திருப்புப் பட்டியலில் ஏழு பெயர்.
யாரும் வெளியேறவில்லை, யாரும் தொடங்கவுமில்லை.
டின்களை எடுத்து அடுக்கினேன்.
ஃபுமியா மூக்கை உறிஞ்சினான், ஜலதோஷம் என்றான்.
பதினேழு நிமிடம் கழித்து
எட்டாவது பெயர் வந்தது.

அடுத்த ஆட்டம்.
கோபுரத்திலிருந்து நீண்ட கோடு
இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.
நடுவுக்குக் கொண்டுவரும் பொத்தானை
அங்கே யாரோ அழுத்தியிருக்க வேண்டும்,
சட்டென்று நேராகி
என் நெற்றியில் வந்து நின்றது,
துளி நடுக்கமில்லாமல்.

என் கட்டைவிரல்
குச்சியின் செத்த இடத்தில் இருந்தது.